சித்தி தலைவரானால் ஊரில் அடி குறையுமா?

காங்கேயம் பக்கமிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். அவர்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அடுத்த தேர்தலில் அவருடைய சித்தியை நிற்கச் சொல்கிறார்கள். சித்தி மகளிர் குழுவில் பல வருடமாகக் கணக்கு எழுதுகிறவர். சித்தப்பாவோ, “நீ கையெழுத்து மட்டும் போடு, மத்ததை நான் பாத்துக்கறேன்” என்கிறார். “இப்படி ஒருவர் தலைவராகி என்ன ஆகப்போகிறது? உலகம் முழுக்கப் பெண்கள் அடி வாங்கிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? பெண்கள் பதவிக்கு வந்த இடத்தில் எங்கேயாவது அது குறைந்திருக்கிறதா?” என்பது கேள்வி.

குறைய வழி பிறந்திருக்கிறது கண்ணு. ஆனால் நாற்காலிக்குப் பின்னால் எழுதிய பெயர் மாறினால் மட்டும் போதாது. அதில் உட்கார்ந்தவரிடம் ஊரில் இருக்கும் மற்ற பெண்கள் போய் வாய் திறக்க முடிய வேண்டும். நான் ஈரோட்டில் குடும்ப வழக்குகள் நடத்தும் வக்கீல். உள்ளாட்சியில் ஜெயித்து வந்த பெண்களுக்குச் சட்டப் பயிற்சி வகுப்பும் எடுத்திருக்கிறேன். கோர்ட்டுக்கு வரும் பெண்ணையும் பதவிக்கு வரும் பெண்ணையும் மாறி மாறிப் பார்ப்பதால், இந்த இரண்டையும் பிரித்துப் பேச எனக்கு வருவதில்லை.

முதலில் உலகக் கணக்கு. கணவனாலோ துணையாலோ அடி, பாலியல் வன்முறை, அல்லது வேறு ஆணால் பாலியல் வன்முறை என்று வாழ்நாளில் ஒருமுறையாவது அனுபவித்தவர்கள் உலகப் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்டது. தலைக்கணக்கில் 73 கோடிக்கும் மேல். 2023-ல் மட்டும் துணைவராலோ குடும்பத்தாராலோ கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும் சுமார் 51,100 பேர் என்று ஐ.நா. மதிப்பிட்டது. ஒரு நாளைக்கு 140 பேர்.

“அதெல்லாம் வடக்கே, வெளிநாட்டில்” என்று நம் பக்கம் சொல்லிக்கொள்வார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், திருமணமான பெண்களில் கணவரின் வன்முறையை அனுபவித்தவர்கள் நாடு முழுவதும் 29 சதவீதம், தமிழ்நாட்டில் 38 சதவீதம். படிப்பு, வேலை, ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் முன்னால் நிற்கும் மாநிலம் இதிலும் முன்னால் நிற்கிறது. அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. வன்முறைக்கு ஆளான பெண்களில் நாடு முழுவதும் 100-க்கு 14 பேர்தான் உதவி கேட்டிருக்கிறார்கள். 77 பேர் யாரிடமும் சொல்லவே இல்லை.

ஏன் சொல்லவில்லை? கொங்கு நாட்டில் ஒரு பெண் அடி தாங்காமல் பொறந்த வீட்டுக்கு வந்தால் என்ன நடக்கும் என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். முதல் நாள் அம்மா கோழி அடித்துச் சோறு போடுவார். இரண்டாம் நாள் அக்கம்பக்கத்தில், “அம்மிணி எப்ப வந்துச்சு, எப்பப் போகுது?” என்று கேட்பார்கள். மூன்றாம் நாள் அப்பாவும் பெரியப்பாவும் இரண்டு பங்காளிகளும் காரில் கூட்டிக்கொண்டு போவார்கள். அங்கே வாசலில் கட்டிலும் நாற்காலியும் போட்டு ஆண்கள் உட்கார்ந்து பேசுவார்கள். அவள் உள்ளே சமையல்கட்டில் நின்று காபி போட்டுக்கொண்டு, தன் விஷயம் என்னவாக முடிகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். “இனிமே கை வைக்க மாட்டான், நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போ” என்று தீர்ப்பு வரும். பேசியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்த வாசலில் ஒரு பெண்கூடப் பேச்சில் இல்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை. அந்த ஊரில் வார்டு உறுப்பினர், கோயில் தர்மகர்த்தா, பால் சொசைட்டித் தலைவர், ஸ்டேஷனில் தெரிந்தவர் எல்லாரும் ஆண்கள். பெரும்பாலும் அவள் கணவனுக்கு ஏதோ ஒரு முறையில் சொந்தம். அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

இங்கேதான் சித்தியின் தேர்தலுக்கு வேலை வருகிறது. 1993-ல் அமலுக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு இடத்தைப் பெண்களுக்குக் கொடுத்தது. மாநிலங்கள் அதை வெவ்வேறு வருடங்களில் நடைமுறைப்படுத்தின. அந்த வித்தியாசத்தை வைத்து லக்ஷ்மி ஐயர், அனந்தி மணி, பிராச்சி மிஸ்ரா, பெட்டியா டோப்பலோவா என்ற நான்கு பொருளாதார ஆய்வாளர்கள் 2012-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். உள்ளாட்சியில் பெண்கள் வந்த பிறகு, பெண்களுக்கு எதிரான குற்றங்களாகப் பதிவானவை 44 சதவீதம் கூடியிருந்தன. படித்தவுடன் பகீரென்று இருக்கும். பெண்கள் பதவிக்கு வந்ததால் ஆண்கள் ஆத்திரப்பட்டு அதிகம் அடித்தார்களா? தோண்டிப் பார்த்ததில், கூடியதற்குப் பெரும்பங்கு காரணம் புகார் கொடுப்பதும் போலீஸ் பதிவு செய்வதும் கூடியதுதான் என்று தெரிந்தது. மூடி வைத்திருந்தது வெளியே வந்தது.

அதனால் சித்தி தலைவராகி ஒரு வருடத்தில் ஊரில் நாலு புகார் அதிகமாகப் போனால், “பொம்பளை வந்தா, குடும்பமெல்லாம் ஸ்டேஷன் வாசல்ல நிக்குது” என்று பேசுவார்கள். அதற்கு இப்போதே தயாராக இருங்கள். யாரிடமும் சொல்லாத அந்த 77 பேரில் நாலு பேர் சொல்லிவிட்டார்கள் என்றுதான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். 1992-ல் ஜெயலலிதா ஆட்சியில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னையில் திறக்கப்பட்டதற்கும் அடிப்படை இதே யோசனைதான்: எதிரே உட்கார்ந்திருப்பது பெண்ணாக இருந்தால் சொல்ல வாய் வரும். அங்கேயும் “சமாதானமாப் போங்க” என்று திருப்பி அனுப்புகிற பழக்கம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் கதவு ஒன்று திறந்தது.

பெண்கள் தலைமை வேறு என்ன மாற்றியது? மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ராகவேந்திர சட்டோபாத்யாயாவும் எஸ்தர் டுஃப்லோவும் செய்த ஆய்வில், பெண் தலைவர்கள் இருந்த ஊராட்சிகளில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவு செய்திருந்தார்கள். தண்ணீருக்கு நடப்பது பெண்கள்தானே. இருட்டில் மேட்டுக்குழாய்க்கு நடக்கும் தூரம் குறைந்தால் அது பாதுகாப்புக் கணக்கிலும் சேரும். மேற்கு வங்கத்தில் இன்னொன்றும் தெரிந்தது: இரண்டு முறை பெண் தலைவரைப் பார்த்த ஊர்களில், மகள் என்னவாக வேண்டும் என்று பெற்றோர் நினைப்பதற்கும் மகன் என்னவாக வேண்டும் என்று நினைப்பதற்கும் இருந்த இடைவெளி சுருங்கியிருந்தது.

நம் மண்ணுக்கு இது புதுசும் அல்ல. 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் முன்னால் நின்றவர்கள் பெரியாரின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும். போராட்டத்தை நிறுத்தும்படி கேட்டவர்களிடம், அது ஈரோட்டில் உள்ள இரண்டு பெண்கள் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னதாக இன்றைக்கும் சொல்வார்கள். குடித்துவிட்டு வந்து அடிப்பவனைப் பற்றிய கவலை அந்த மறியலுக்குள்ளும் இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். 1957-ல் கோவை மக்களவைத் தொகுதியில் ஜெயித்தவர் பார்வதி கிருஷ்ணன், தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பாப்பம்மாளை இயற்கை விவசாயத்துக்காக 2021-ல் பத்மஸ்ரீ வாங்கியவராகத்தான் பலருக்குத் தெரியும். அவர் காரமடை ஊராட்சி ஒன்றியக் கவுன்சிலராக இருந்தவர். மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீடு வருவதற்கு வெகு காலம் முன்பு அது.

இன்றைக்குத் தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. 2016-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2019 டிசம்பர் ஊரகத் தேர்தலிலிருந்து நடைமுறைக்கு வந்தது. 2022-ல் கோவை மாநகராட்சிக்கு முதல் பெண் மேயர் வந்தார். அதற்கு மேலே ஏறிப் பார்த்தால்தான் மூச்சு வாங்குகிறது. 2021-ல் சட்டமன்றத்துக்கு 234 பேரில் 12 பெண்கள். 2024-ல் மக்களவைக்கு 543-ல் 74 பேர். 2023-ல் நிறைவேறிய மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டுச் சட்டம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை முடிந்த பிறகுதான் அமலாகும் என்று எழுதப்பட்டிருக்கிறது. கட்டாயம் இருக்கும் இடத்தில் பாதிப்பேர், கட்டாயம் இல்லாத சட்டமன்றத்தில் நூற்றுக்கு ஐந்து பேர். பெண்களுக்கு ஆர்வம் இல்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். சீட்டுக் கொடுக்கும் மேசையில் இருப்பவர்களுக்குத்தான் மனசில்லை.

சரி, சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

“தலைவர் வீட்டுக்காரர்” என்று ஒரு பதவி சட்டத்தில் கிடையாது, ஆனால் எல்லா ஊரிலும் உண்டு. பயிற்சி வகுப்பில் பெயர் கேட்டால் பின்னால் நிற்கும் கணவர் பதில் சொல்வார். ஒரு வகுப்பில், தலைவர் அம்மா பேனாவை எடுப்பதற்குள் அவருடைய நோட்டிலேயே வீட்டுக்காரர் குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டார். கணவர்களை எல்லாம் வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திய பிறகு, அதே அம்மா தன் ஊர் மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் எத்தனை எச்.பி., எந்த வீதிக்குத் தண்ணீர் ஏறாது, கரண்ட் பில் எவ்வளவு பாக்கி என்று மடமடவென்று சொன்னார். அவருக்குத் தெரியாமல் இல்லை. அவரை யாரும் கேட்கவில்லை. இப்படிப் பினாமியாக நடத்துகிறவர்களுக்குக் கடுமையான தண்டனை வேண்டும் என்று மத்திய ஊராட்சி அமைச்சகம் போட்ட குழுவே பரிந்துரைத்திருக்கிறது.

அதற்காக, கணவர் தயவில் வந்தவரெல்லாம் பொம்மை என்று நான் சொல்ல மாட்டேன். முதல் வருடம் கணவரோடு பி.டி.ஓ. ஆபீசுக்கு வந்தவர், இரண்டாம் வருடம் ஸ்கூட்டியில் தனியாக வந்து இன்ஜினியரிடம் எஸ்டிமேட்டைக் காட்டச் சொல்லிச் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன். மாறுவது எங்கே தொடங்குகிறது என்றால், கையெழுத்தில். இப்போது ஊராட்சிப் பணம் பெரும்பாலும் கணினி வழியாகப் போகிறது. தலைவரின் டிஜிட்டல் கையெழுத்து ஒரு பென்டிரைவ் போன்ற சின்னச் சாதனத்தில் இருக்கும். அதுவும் அதன் பாஸ்வேர்டும் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் அந்த ஊரின் தலைவர். பல இடங்களில் அது ஊராட்சிச் செயலரின் மேசை டிராயரிலோ வீட்டுக்காரர் பாக்கெட்டிலோ கிடக்கிறது. நாளைக்குத் தணிக்கையில் பணம் இடித்தால் பதில் சொல்ல வேண்டியது சித்தி. இதைச் சித்தப்பாவிடம் சொல்லுங்கள். “உங்க சம்சாரத்தை மாட்டி விடாதீங்க” என்று சொன்னால் காதில் ஏறும்.

பட்டியல் சாதிப் பெண் தலைவராக வந்தால் இதைவிடக் கடினம். 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவரையே தரையில் உட்கார வைத்த படம் நாடு முழுக்கப் போனது. நம் மாவட்டங்களில் அப்படி இல்லை என்று மார் தட்ட நமக்குத் தகுதி கிடையாது. 2016-ல் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பட்டப்பகலில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட பட்டியல் சாதி இளைஞர் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். மகள் யாரைக் கட்டிக்கொள்கிறாள் என்பதில் சாதி மானம் இருக்கிறது என்று நம்புகிற ஊரில், எல்லாப் பெண்ணின் மேலும் ஒரு கண் இருந்துகொண்டே இருக்கும். அதைப் பெண்கள் மீதான வன்முறை என்ற கணக்கில் சேர்க்காமல் விடுவது நம் வசதிக்காக.

பதவிக்கு வரும் பெண்ணைத் தேடியும் வன்முறை வரும். பொலிவியாவில் ஹுவானா கிஸ்பே என்ற உள்ளாட்சிக் கவுன்சிலரைப் பதவி விலகச் சொல்லித் தொடர்ந்து மிரட்டினார்கள். அவர் மறுத்தார், 2012-ல் கொல்லப்பட்டார். அதே வருடம் அந்த நாடு, அரசியலில் இருக்கும் பெண்களைத் துன்புறுத்துவதையே தனிக் குற்றமாக்கிச் சட்டம் போட்டது. 2016-ல் நாடாளுமன்றங்களின் உலக ஒன்றியம் 39 நாடுகளைச் சேர்ந்த 55 பெண் உறுப்பினர்களைக் கேட்டபோது, 82 சதவீதம் பேர் உளரீதியான வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். நம் ஊரில் அது வாட்ஸ்அப் குரூப்பில் தொடங்கும். ராத்திரி எட்டு மணிக்கு யாரோடு வண்டியில் வந்தாள் என்று போட்டோ போடுவார்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், சைபர் கிரைம் புகாருக்கு அதுதான் சாட்சி.

இனி நான் மிகவும் முக்கியம் என்று நினைப்பது. சொத்து.

அரசியலைப் பற்றிக் கேட்டால் இவர் ஏன் பத்திர ஆபீசுக்குப் போகிறார் என்று தோன்றலாம். அடிபடும் பெண் திரும்பிப் போவதற்குக் காரணம் போக இடம் இல்லாததுதான். பிரதீப் பாண்டாவும் பினா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்த ஆய்வு 2005-ல் வந்தது. வீடோ நிலமோ எதுவும் தன் பேரில் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவரிடம் அடி வாங்கியிருந்தார்கள். வீடு, நிலம் இரண்டும் தன் பேரில் இருந்தவர்களில் 7 சதவீதம். வேறு எந்தத் திட்டத்துக்கும் இப்படி ஒரு வித்தியாசம் காட்டும் எண்ணை நான் பார்த்ததில்லை.

நம் பக்கம் என்ன செய்கிறோம்? 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டாயிற்று. 1989-ல் தமிழ்நாடு சட்டம் கொடுத்தது, 2005-ல் நாடு முழுவதும் வந்தது. நம் வீடுகளில் மகளுக்கு நகை, கார், சீர் எல்லாம் செய்துவிட்டு, தன் பங்கு வேண்டாம் என்று அண்ணன் தம்பி பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடுகிறோம். சார்பதிவாளர் ஆபீசில் பட்டுச்சேலையோடு வந்து கைரேகை வைத்துவிட்டு, ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் போகிற பெண்களைப் பார்க்கிறேன். “தோட்டம் தம்பிக்குத்தானுங்க, எனக்குத்தான் செஞ்சு வெச்சுட்டாங்களே” என்பார்கள். அந்தச் சீர் யார் வீட்டில் இருக்கிறது? பத்து வருடம் கழித்து அவர்களில் சிலர் என் ஆபீசுக்கு வரும்போது, பொறந்த வீடும் தம்பி வீடாகிவிட்டது, புகுந்த வீடும் கணவன் வீடாகிவிட்டது. தேர்தலில் நிற்கப் பணம் வேண்டுமென்றாலும் அவர்கள் யாரிடமாவது கேட்டுத்தான் ஆக வேண்டும். தலைவர் பதவிக்கும் அடிக்கும் நடுவே இந்தப் பத்திரம் இருக்கிறது.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005, இதில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. வீடு யார் பேரில் இருந்தாலும் அவளை வெளியே தள்ள முடியாது, அங்கேயே குடியிருக்க மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை சிறை. மனைவிக்கு மட்டும் அல்ல, அம்மாவுக்கும் அக்கா தங்கைக்கும் இது பொருந்தும். மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், அவர் மூலமாகவே மனுப் போகலாம், கையில் பணம் இல்லாவிட்டால் சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீல் வைத்துத் தரும். இதைத் தெரிந்து வைத்திருக்கும் ஒரு பெண் தலைவர், ஊருக்கு ஒரு வக்கீல் ஆபீசுக்குச் சமம்.

வேலை செய்யும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருப்பூர் பனியன் கம்பெனியும் நூல் மில்லும் விசைத்தறியும் இல்லாமல் நம் பெண்களின் பகல் இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. நாலு பேர் ஓட்டும் தறிக்கூடத்தில்? அங்கே முதலாளியே தொந்தரவு செய்தால்? அதற்குத்தான் கலெக்டர் அமைக்கும் மாவட்ட உள்ளூர்ப் புகார்க் குழு. மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தக் குழு இருப்பது சோமனூரிலோ பள்ளிபாளையத்திலோ எத்தனை தறிக்காரப் பெண்களுக்குத் தெரியும்? ஊராட்சி அலுவலகச் சுவரில் நாலு வரி எழுதி வைக்கத் தலைவருக்கு யார் அனுமதியும் வேண்டாம்.

பொள்ளாச்சி பாலியல் வன்முறை வழக்கு 2019-ல் ஒரு பெண் புகார் கொடுத்ததால்தான் வெளியே வந்தது. புகார் கொடுத்தவர் பெயரையே போலீஸ் வெளியிட்டு அவமானப்படுத்தியது. அதையும் தாங்கிப் பாதிக்கப்பட்ட பெண்கள் கோர்ட்டில் சாட்சி சொன்னார்கள். 2025 மே 13-ல் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. ஆறு வருடம் அந்தப் பெண்களுக்குப் பக்கத்தில் நின்றவர்களை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

ஆண்களை விட்டுவிட்டு இது நடக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உகாண்டாவின் கம்பாலாவில் ‘சாசா’ என்ற பெயரில், தெருத்தெருவாக ஆண்களையும் பெண்களையும் உட்கார வைத்து, அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று சில வருடங்கள் பேச வைத்தார்கள். 2014-ல் வந்த முடிவில், அது நடந்த பகுதிகளில் துணைவர் அடிப்பது மற்ற பகுதிகளைவிட 52 சதவீதம் குறைவாக இருந்தது. நம் ஊர் கிராம சபையை வருடத்துக்கு ஆறு முறை கூட்டுகிறோம். அதில் ஒரு முறையாவது இதைப் பேசலாம்.

இப்போது சித்திக்கு. நிற்கட்டும். மனுத் தாக்கலுக்கு முன்பே சித்தப்பாவோடு உட்கார்ந்து மூன்று விஷயத்தைப் பேசி முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்: ஊராட்சி போன் நம்பர் சித்தி கையில் இருக்கும், டிஜிட்டல் கையெழுத்து சித்தியிடம் இருக்கும், கூட்டத்தில் தலைவர் நாற்காலியில் சித்தி உட்காருவார். சித்தப்பா ஓட்டுக் கேட்கலாம், வண்டி ஓட்டலாம், வீட்டில் சமைக்கலாம், அதெல்லாம் பெரிய உதவி. வார்டு உறுப்பினராக நிற்கும் மற்ற பெண்களை இப்போதே பார்த்துப் பேசட்டும். துணைத்தலைவர் கையெழுத்தும் காசோலைக்கு வேண்டும், அவர் முரண்டு பிடித்தால் ஊரே நின்றுபோகும். ஜெயித்த பிறகு, கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் சித்திதான். பத்தாவது முடித்த பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தால் அதை நிறுத்த முதலில் தெரிய வேண்டியவர் அவர். 1098 குழந்தைகளுக்கு, 181 பெண்களுக்கு; இரண்டும் 24 மணி நேரமும் எடுப்பார்கள். முதல் வாரத்திலேயே மாவட்ட சமூகநல அலுவலகத்துக்குப் போய்ப் பாதுகாப்பு அலுவலரை நேரில் பார்த்து, அவருடைய செல் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். ராத்திரி பதினொரு மணிக்கு ஒருத்தி வந்து கதவைத் தட்டும்போது அந்த நம்பரைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.